வாசற்கதவில் ஒரு சாய்வுப் பலகை

1

தெரியாமல் செய்துவிட்ட ஒரு பிழையைத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மூன்று நாளுக்கு என்ன பெயர்? பயம் என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். பொய் என்று அதே மனம் திருப்பிச் சொல்கிறது. இரண்டில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து இன்றோடு ஒரு வருஷம் ஆகிறது. காலையில் சாமி படத்துக்குப் பூ வைத்தபோது அது நினைவுக்கு வந்தது. ஊரில் பத்திரிகை படிக்கும் சகோதரிகளுக்கு இதை எழுதலாமா, எழுதினால் சிரிப்பார்களா என்று அரை நாள் யோசித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலாயாவில் இந்த ஜொகூர் ராஜ்யத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ரப்பர்க் காட்டைப் பற்றியும் புலியைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் புலியைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது என் வீட்டு வாசற்கதவு.

2

மெர்சிங் என்பது கிழக்குக் கரையில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் மீன்பிடி ஊர். என் கணவர் இங்கே சுங்கச் சாவடியில் குமாஸ்தா; இங்குள்ளவர்கள் கிராணி என்பார்கள். எங்களுக்குக் கொடுத்திருக்கும் சர்க்கார் வீடு கடலைப் பார்த்தது. அரை ஆள் உயரத்துக்குச் செங்கல் சுவர், அதற்கு மேல் பலகை, தரை சிமெண்டு. வாசலில் நின்றால் முன்னால் மணல், மணலுக்கு அப்பால் தண்ணீர், அவ்வளவுதான். ஒரு தென்னை மரம்கூட மறைப்புக்குக் கிடையாது.

குடிவந்தபோது மாசி மாதம். வானம் துடைத்து வைத்தாற்போல இருந்தது. வாசற்கதவின் வெளிப்பக்கத்தில், கீழ்விளிம்புக்குச் சற்று மேலே, ஒரு சாண் அகலப் பலகையைச் சாய்த்து ஆணி அடித்திருந்தார்கள். கதவுக்குத் தாழ்வாரம் கட்டியதுபோல அது நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் சிலந்திக்கூடு. கதவைச் சாத்தினால் அது வாசற்படியை மூடிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. காலையில் கதவைக் கழுவினால் பலகையிலிருந்து சொட்டும் தண்ணீர் நான் போட்ட கோலத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடும்.

வந்து நான்காம் நாள் அதைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு மருதாயிதான் கத்தி கொண்டுவந்து உதவினாள். மருதாயியின் கணவர் ரோடு வேலைக்கு மண்டோர், அதாவது கூலியாட்களை மேய்ப்பவர். அவள் தெப்ராவ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள், இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவள்.

“நல்ல செங்கால் மரம்லா, கிராணியம்மா. அடுப்புல போட்டுறாதீங்க” என்றாள்.

செங்கால் என்பது இங்கே கப்பலுக்குப் பயன்படும் உறுதியான மரம். நான் அடுப்பில் போடவில்லை. இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவி, அடியில் இரண்டு கட்டை வைத்து, கோமதி உட்கார்ந்து சாப்பிடும் மணையாக்கிவிட்டேன். கோமதி எங்கள் ஒரே மகள். நான்கு வயது. சிக்கனமான பெண்டாட்டி கிடைத்தாள் என்று இவர் சந்தோஷப்படுவார் என எண்ணினேன். இவர் மணையையும் கவனிக்கவில்லை, கதவில் பலகை இல்லாததையும் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் அதைத் தேடுகிறவர்.

3

கார்த்திகை பிறந்ததும் காற்று திரும்பியது. நம் ஊர் மழை மேலிருந்து கீழே விழும். இங்கே வடகிழக்குக் காற்றில் அது கடலிலிருந்து நேராக வந்து கதவில் மோதுகிறது.

கோமதிதான் முதலில் பார்த்தாள். “அம்மா, ஆயேர் மாசுக்!” என்று கத்தினாள். தண்ணீர் உள்ளே வருகிறது என்பதை மலாயில் சொன்னாள். கம்பத்து, அதாவது மலாய்க் கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடி, அவசரமென்றால் அவளுக்கு மலாய்தான் வருகிறது. “தண்ணி வருதுன்னு சொல்லு” என்று திருத்தி, அவள் இரண்டு முறை சொன்ன பிறகுதான் நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் பாயின் பாதி நனைந்திருந்தது. நான் எப்படிப்பட்ட தாய் என்பதற்கு இது ஒன்று போதும்.

கதவுக்கு அடியில் சாக்கு வைத்தேன். சாக்கு ஊறிப்போனது. நான் காவிரிப் பாசனத்து ஊரில் பிறந்தவள். தண்ணீர் வந்தால் வரப்புப் போட வேண்டும் என்பது எங்கள் கைக்குத் தெரிந்த பாடம். களிமண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்து, வாசற்படிக்கு உட்புறம் நான்கு விரல் உயரத்துக்கு அழகாக ஒரு வரப்புப் போட்டேன். மறுநாள் மழையில் தண்ணீர் வரப்பைத் தாண்டி உள்ளே வந்தது. வந்ததை வெளியே தள்ள முடியாமல் அதே வரப்பு தடுத்தது. கூடம் நாற்றங்காலாயிற்று. மருதாயி வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“நெல்லு எப்ப வெதைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுத் துடைப்பத்தை எடுத்தாள். அவள் கேலி செய்யாமல் உதவி செய்ததில்லை. உதவி செய்யாமல் கேலி செய்ததும் இல்லை.

பத்து நாளில் கோமதிக்கு இருமல் வந்தது, பிறகு இளைப்பு. மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்வாங்குவதைப் பார்த்தால் என் மூச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, “ஈரத் தரையில் இந்தக் குழந்தையை வைத்திருக்காதீர்கள்” என்று சொன்னார்கள். வீடு முழுவதும் ஈரம். வேறு எங்கே வைப்பது?

அப்போதுதான் லாயாங் லாயாங்கிலிருந்து கடிதம் வந்தது. இவருடைய அக்கா அங்கே ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கிறார். அத்தான் ஒரு தோட்டத்தில் பெரிய கிராணி. அவர்களுக்குக் குழந்தை இல்லை. மேட்டில் கட்டிய வீடு, எலும்பு உலரும்படியான வீடு. “கோமதியை இங்கே விட்டுவிடுங்கள். மழை முடியட்டும். முடிந்த பிறகும் அவள் இங்கேயே இருந்து பள்ளிக்கூடம் போகட்டும். மெர்சிங்கில் இருந்தால் தமிழ் மறந்துவிடுவாள்” என்று அக்கா எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தான் மோட்டாரில் வந்து அழைத்துக்கொண்டு போவார் என்றும் இருந்தது.

அக்கா நல்லவர். அவர் மனத்தில் இருந்தது அன்புதான். அதனாலேயே மறுப்பது கஷ்டம். இவரும் கடிதத்தை மடித்துக்கொண்டே, “கதவு சரியாகலேன்னா அனுப்பித்தான் ஆகணும். குழந்தை மூச்சு முக்கியம்” என்றார். சரிதான் என்றேன். அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். நான்கு வயதில் போகும் பெண், ஆறு வயதில் யாரை அம்மா என்று கூப்பிடுவாள்?

4

கதவுக்காக இவர் வீடுகளைப் பராமரிக்கும் ஆபீஸுக்கு முன்பே எழுதியிருந்தார். முதல் கடிதத்துக்கு, கதவு எந்தத் திசையை நோக்கியது என்று கேட்டுப் பதில் வந்தது. கிழக்கு என்று எழுதினார். பிறகு பூர்த்தி செய்து அனுப்பச் சொல்லி ஒரு பாரம் வந்தது. அதில் ஒரு கேள்வி: குடியிருப்பவர் கட்டடத்தில் ஏதேனும் மாறுதல் செய்ததுண்டா?

பேனாவைப் பிடித்தபடி இவர் கேட்டார். “நாம ஒண்ணும் மாத்தலையே?”

“ஒண்ணும் மாத்தலீங்க” என்றேன்.

சத்தியமாகப் பலகையின் நினைவே எனக்கு வரவில்லை. சிலந்திக்கூடு பிடித்த ஒன்றை எடுத்துவிட்டு வாசலைச் சுத்தமாக்கினேன் என்றுதான் அது என் மனத்தில் பதிந்திருந்தது. இவர் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினார்.

அக்காவின் கடிதம் வந்த அதே வாரம், செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸிலிருந்து தச்சரை அனுப்பினார்கள். பெயர் சாலே, மலாய்க்காரர். முப்பது வயது இருக்கும். ஓடம் கட்டுகிற குடும்பம். அவர் பேசியது மலாய். எனக்குப் புரிந்த அளவில் தமிழில் எழுதுகிறேன்.

அவர் குனிந்து, கதவின் கீழ்ப்பாகத்தை விரலால் தடவினார். ஒரே வரிசையில் ஆறு ஆணித் துளைகள். அவற்றுக்குக் கீழே சாயம் ஏறாத ஒரு பட்டை. அதைப் பார்த்தபோதுதான் நான் பிடுங்கிய பலகை நினைவுக்கு வந்தது.

“இங்கே ஒரு பலகை இருந்தது. கதவில் அடிக்கிற மழை முழுவதும் வழிந்து கீழே வரும். அந்தப் பலகைதான் அதைப் படிக்கு வெளியே தள்ளிவிடும். அது இல்லாவிட்டால் காற்று தண்ணீரைக் கதவுக்கு அடியில் ஊதிவிடும். பலகை எங்கே?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றேன். மலாயில் அதைச் சொல்ல எனக்கு நன்றாக வரும். “நாங்கள் வரும்போதே இல்லை.”

பாரத்தில் இவர் போட்ட கையெழுத்துதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. சர்க்கார் உத்தியோகஸ்தர் தவறான தகவல் எழுதினால் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரியாது. தெரியாததால் எல்லாம் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாலே தலையை ஆட்டினார். அந்த மாதிரிச் செங்கால் பலகை ஜொகூர் பாருவிலிருந்துதான் வரவேண்டும், மழை நின்ற பிறகே வரும் என்றார். காபி கொடுப்பதற்காக உள்ளே கூப்பிட்டேன். கூடத்தில் கோமதி அந்தப் பலகையின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தாள்.

அவர் பார்த்தார். பலகையின் இரண்டு முனையையும், ஆணித் துளைகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கோமதியைப் பார்த்துச் சொன்னார்: “சின்னப் பெண் நல்ல மரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த மரம் சீக்கிரம் உளுத்துப்போகாது. சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, வீட்டில்தான் இருப்பேன்.”

காபியை முழுவதும் குடித்துவிட்டுப் போனார். அவர் அன்று என்னைக் குற்றம் சாட்டியிருந்தால் அழுது ஒப்புக்கொண்டிருப்பேன். அவர் செய்தது அதைவிடப் பெரியது. நானாக வருவதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

5

செவ்வாய் இரவு சொல்ல நினைத்தேன். இவர் களைத்து வந்தார். புதன்கிழமை சொல்ல நினைத்தேன்; இவர் நல்ல மனநிலையில் இருந்தார், கெடுக்க மனம் வரவில்லை. வியாழக்கிழமை காரணம்கூட இல்லை. அன்று கோமதியின் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன். அவள் எட்டிப் பார்த்து, “நீயும் வரியாம்மா?” என்று கேட்டாள். “அத்தை இருக்காங்கல்ல” என்றேன். அவள் இருமிக்கொண்டே தன் மரப்பாச்சியைப் பெட்டிக்குள் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இவர் வந்து கால் கழுவியதும், பலகையை எடுத்துப்போய் முன்னால் வைத்தேன்.

“என்னங்க, இது கதவுல இருந்தது. நாந்தான் புடுங்கினேன்.”

இவருக்குப் புரிய நேரமாயிற்று. பலகையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சாலேயிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன். திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

“மூணு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட்டே?” என்று கேட்டார்.

“சாப்பிடலீங்க.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, பாரத்தில் தாம் எழுதிய தகவல் பிழை என்றும், பலகையை வீட்டார் அறியாமல் அகற்றிவிட்டனர் என்றும், திரும்பப் பொருத்த அனுமதி வேண்டும் என்றும் எழுதினார். ‘வீட்டார்’ என்று எழுதினாரே தவிர ‘என் மனைவி’ என்று எழுதவில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக நான் இவருக்கு எத்தனை நாள் சமைத்துப் போட்டாலும் தகும். மறுநாள் காலை கடிதத்தைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கிருந்த துரை படித்துவிட்டு, பொருத்திக்கொள்ளலாம் என்று சிரித்தாராம். மூன்று வீடுகளில் இப்படி நடந்திருக்கிறதாம். ஒருவர் அதே பலகையில் கோழிக்கூண்டுக்குக் கதவு செய்துவிட்டாராம். நான்கு நாளாக நான் பயந்த பயத்துக்கு அந்தச் சிரிப்புதான் பதில்.

6

சனிக்கிழமை இவர் சாவடியில் வேலையாக இருந்தார். மருதாயியை அனுப்பியதும் சாலே உடனே வந்தார். பலகையை வைத்து அளவு பார்த்தார். பழைய துளைகளுக்கு அரை விரற்கடை தள்ளிப் புதிய இடம் குறித்துத் துளையிட்டார். பிறகு சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டுத் தயங்கினார்.

“நான் பிடித்துக்கொள்கிறேன். ஆணியை வேறு யாராவது அடிக்க வேண்டும். என் மனைவிக்கு இது ஒன்பதாம் மாதம். எங்களுக்குப் பாந்தாங்” என்றார்.

பாந்தாங் என்றால் விலக்கு. மனைவி பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது புருஷன் ஆணி அடிக்கக் கூடாது, எந்தத் துளையையும் அடைக்கக் கூடாது. செய்தால் பிரசவம் சிக்கலாகும் என்று அவர்கள் குடும்பத்தில் நம்பிக்கை. அதனால்தான் சனிக்கிழமைகளில் வெளிவேலை எதையும் ஏற்காமல் வீட்டில் இருக்கிறார். ஆபீஸ் வேலைக்கும் ஆணி அடிக்க வேறு ஆளைக் கூட்டிப்போகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊரிலும் பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் வாசற்கால் வைக்க மாட்டார்கள் அல்லவா? அத்தனை தூரம் கடல் கடந்து வந்து, அதே பயத்தை இன்னொருவர் முகத்தில் பார்த்தேன்.

கடலின் மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. “நீ அடி, மருதாயி” என்றேன்.

“நானா? புடுங்குனது யாரு?”

“நீயும்தானே கத்தி கொண்டாந்தே?”

“கத்திதான் கொண்டாந்தேன். அறிவு உங்களோடது. அடிங்க, கிராணியம்மா! படிச்ச கை ஆணி அடிச்சா உள்ள போவாதா?”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடித்தேன். முதல் ஆணி வளைந்துவிட்டது. இரண்டாவது அடி என் கட்டைவிரலில் விழுந்தது. “அலமாக்!” என்று கோமதி எனக்குப் பதிலாகக் கத்தினாள்; மலாயில் அது ‘ஐயோ’. இந்த முறை நான் திருத்தவில்லை. சாலே பலகையைத் தோளால் தாங்கிக்கொண்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, “மெதுவாக, மணிக்கட்டால்” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு ஆணியும் இறங்கின. குங்கிலியத் தூளை எண்ணெயில் குழைத்துக் கொண்டுவந்திருந்தார். பழைய துளைகளை அடைப்பதும் விலக்கு அல்லவா, அதையும் நானே அடைத்தேன்.

முதல் துளி விழும்போது அவர் புறப்பட்டார். கூலியை நீட்டினேன். “தாப்பாலா” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். “அடித்தது நீங்கள். நான் பிடித்துக்கொண்டுதானே நின்றேன்?”

அன்று மாலை அடித்த மழையை நான் மறக்க மாட்டேன். நானும் மருதாயியும் கோமதியும் கதவுக்கு உட்புறம் வரிசையாகக் குந்தியிருந்து படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு அதிர்ந்தது. வெளியே பலகையிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் தனியாகக் கேட்டது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஓர் ஓரத்தில் கசிவதுபோல எனக்குத் தோன்றி, நான்கு முறை தொட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கூடத்துத் தரையில் உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பார்த்தார்.

“காஞ்சிருக்கே, தம்பி” என்றார் இவரிடம்.

“காஞ்சிருச்சு, அத்தான். உங்க தங்கச்சி செஞ்ச வேலை” என்றார் இவர்.

அத்தான் கொஞ்ச நேரம் கோமதியின் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன். லீவு கெடைக்கிறப்ப நாங்க இங்க வந்து பாத்துக்கிறோம்” என்றார். அவர்கள் வீட்டில் கோமதிக்காக ஒரு சிறிய கட்டில் செய்து வைத்திருந்தார்களாம்; மகளுக்கு என்று. அதைச் சொல்லும்போது சிரித்தார். கோமதியின் பெட்டியைத் திறந்து துணிகளை வெளியே எடுத்துவிட்டு, அதில் எலுமிச்சங்காய் ஊறுகாயும் முறுக்கும் வைத்து அக்காவுக்குக் கொடுத்தனுப்பினேன்.

இளைப்பு ஒரே நாளில் நின்றுவிடவில்லை. பொங்கலுக்குள் குறைந்துவிட்டது. இப்போது மணலில் ஓடுகிறாள்.

7

மார்கழி முடிவில் சாலேயின் மனைவிக்குச் சுகப் பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை. செய்தி சொல்ல அவரே வந்தார். வந்தவர் கதவையும் பார்த்துவிட்டு, தாம் இனி ஆணி அடிக்கலாம் என்று சிரித்தார். குழந்தைக்கு முடி இறக்கித் தொட்டிலிடும் சடங்குக்கு எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது என் சங்கடம் இதுதான், சகோதரிகளே. அந்தக் குழந்தைக்கு நான் என்ன கொண்டுபோவது? நம் வழக்கப்படி வெள்ளி அரைஞாண் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அவர்கள் ஆண் குழந்தைக்கு அதைக் கட்டுவார்களா, கட்டாவிட்டால் வாங்கிக்கொண்டு வருத்தப்படுவார்களா என்று தெரியவில்லை. நெய்யில் பலகாரம் செய்யலாமா என்றால், எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் செய்ததை உண்பார்களா என்று யோசனை. மருதாயியைக் கேட்டால், “சீனியும் துணியும் குடுங்க, போதும்லா” என்கிறாள். போதுமா? அந்தக் குழந்தையின் தகப்பனால்தான் என் மகள் இப்போது என்னை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

மலாய்க் குடும்பங்களோடு பழகித் திரும்பிய சகோதரிகள் யாராவது உங்களில் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். சடங்கு இன்னும் பன்னிரண்டு நாளில். உங்கள் பதில் கப்பலேறி இங்கே வருவதற்குள் அது முடிந்திருக்கும். இப்போதைக்குச் சீனியும் துணியும் கொடுத்துவிடுவேன். இருந்தாலும் எழுதுங்கள். அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கும் நாளுக்காவது சரியானதைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.